கேமல்பேக் மலை ஏறும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். மே மாதக் கடைசியில் போகிறோம். ஊருக்கு நடுவிலேயே இருக்கும் கேமல்பேக் மலையில் ஏறலாம் என்கிறான். அக்னி நட்சத்திரத்தையே பார்த்துவிட்ட எங்களுக்கு அந்த வெயில் பெரிதா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பெரிதுதான். சென்னை வெயிலில் பழகிய பழக்கமே அங்கே ஆபத்து. இங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாமல் வழிகிறது, சட்டை நனைகிறது, உடனே தண்ணீர் நினைவு வருகிறது. ஃபீனிக்ஸில் ஜூன் மாதப் பிற்பகல்களில் ஈரப்பதம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். வியர்வை கண்ணுக்குத் தெரியும் முன்பே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருப்பதால் வியர்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம். தொப்பி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் படிந்த பிறகுதான் உடம்பு எவ்வளவு இழந்திருக்கிறது என்று தெரியும். அதனால் தாகத்துக்குக் காத்திருக்காமல், கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு குடியுங்கள்.

நேரக் கணக்கும் வேறு. சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிட்டால் வெப்பம் தணியத் தொடங்கும். 'நாலு மணிக்குப் போகலாம், வெயில் தாழ்ந்துவிடும்' என்பது நம் வழக்கம். ஃபீனிக்ஸில் கோடையின் உச்ச வெப்பமே மாலை நாலு, ஐந்து மணிக்குத்தான். பாறைகள் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பின்னும் விட்டுக்கொண்டிருக்கும். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் அங்கே 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (43.3 செல்சியஸ்) குறையவில்லை.

நகராட்சியும் இதைச் சும்மா விடவில்லை. தேசிய வானிலை மையம் கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கும் நாட்களில், கேமல்பேக் பாதைகளையும் பக்கத்திலுள்ள பையஸ்டுவா சிகரப் பாதையையும் மாலை 5 மணி வரை மூடிவிடும் வழக்கம் 2021-இல் தொடங்கியது. காலையில் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பது இடையில் மாறியிருக்கிறது, முந்தின நாளே மகனைப் பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.

பயணத் தேதியை மாற்ற முடிந்தால் நவம்பர் முதல் மார்ச் வரை வைத்துக்கொள்வதே நல்லது. முடியாதென்றால், சூரியன் எழும்போது ஏறத் தொடங்கி எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள். பாதை திறப்பதே சூரிய உதயத்துக்குத்தான். நேர வித்தியாசம் பன்னிரண்டரை மணி என்பதால் முதல் வாரம் விடிகாலையில் தானாக விழிப்பு வரும். ஆனால் தூக்கம் சரியாகும் வரை, முதல் நாலைந்து நாள் மலைப்பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: உச்சிக்கு இரண்டு பாதைகள் உண்டாமே, எது சுலபம்? இங்கிருந்தே எப்படிப் பழகுவது?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: சுலபமானது எதுவும் இல்லை. மேற்கே எக்கோ கேன்யன் பாதை: ஒருவழியாக ஏறக்குறைய 2 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 390 மீட்டர். செங்குத்தான பாறைச் சரிவுகளில் கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள், மேல்பாதியில் பெரிய பாறைகள் மேல் கையும் காலும் ஊன்றித்தான் ஏற வேண்டும். கிழக்கே சோய்யா பாதை கொஞ்சம் நீளம், முக்கால்வாசி தூரம் சீராக ஏறும். அதை நம்பிப் போகிறவர்கள் தடுமாறுவது கடைசிக் கால்வாசியில்தான். அங்கே முகட்டை ஒட்டிப் பாறை தாவ வேண்டும், பக்கத்தில் பள்ளம். உயரம் கண்டால் தலைசுற்றுகிறவர்கள் அதற்கு முன்பே திரும்பிவிடலாம். போய்த் திரும்ப இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். எக்கோ கேன்யன் வாகன நிறுத்தம் சிறியது, வார இறுதியில் விடியும் முன்பே வரிசை நிற்கும். யாராவது இறக்கிவிட்டுப் போவது உத்தமம்.

390 மீட்டர் என்பது மாடிக் கணக்கில் 130 மாடி. பத்து மாடி அடுக்ககமானால் பதின்மூன்று முறை. பரங்கிமலை சுமார் 90 மீட்டர்தான், நாலு முறைக்கு மேல் ஏறி இறங்கினால்தான் ஈடாகும். திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் மலைப் படிகள் இன்னும் நல்ல பயிற்சி. வாரம் மூன்று நாள், ஆறு வாரம். ஏறுவதை மட்டும் பழகினால் போதாது, இறங்குவதையும் பழகுங்கள். கேமல்பேக்கில் முழங்கால் நடுங்குவதும் கால் வழுக்குவதும் இறக்கத்தில்தான். பாறை மேல் கிடக்கும் பொடிச்சரளை காலுக்கடியில் உருளும். அடிப்பாகம் தேய்ந்த வாக்கிங் ஷூ வேண்டாம், ஆழமான வெட்டுள்ள ரப்பர் அடி வேண்டும். இறங்கும் முன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினால் விரல் நுனி ஷூவில் இடிக்காது.

தண்ணீர் குளிர்காலத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர், மற்ற மாதங்களில் குறைந்தது மூன்று. மேலே குழாய் கிடையாது, நிழலும் அபூர்வம். பாதித் தண்ணீர் தீர்ந்த இடம் எதுவோ, அங்கேயே திரும்புங்கள், உச்சி பத்து நிமிட தூரத்தில் தெரிந்தாலும்! வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். இங்கிருந்தே ஓஆர்எஸ் பொட்டலம் கொண்டுபோகலாம். பெரிய பொட்டலம் ஒன்றுக்கு முழு ஒரு லிட்டர் தண்ணீர், கெட்டியாகக் கலக்கக் கூடாது. உப்புக்கடலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட வருபவர் பேச்சு குழறினாலோ, வாந்தி எடுத்தாலோ, குழப்பமாக நடந்துகொண்டாலோ உடனே 911. உதவி வரும்வரை நிழலில் உட்கார்த்தி கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

கேள்வி: அங்குள்ள கள்ளி முள் பாய்ந்து குத்துமாமே?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பாயாது, ஆனால் லேசாக உரசினாலே ஒரு கணு முழுதாகக் கழன்று ஒட்டிக்கொள்ளும். சோய்யா கள்ளியின் முள்நுனியில் பின்நோக்கிய நுண்ணிய கொக்கிகள் உண்டு. கையால் பிடுங்கப் போனால் அந்தக் கையிலும் ஏறிவிடும். பல் அகலமான சீப்பைக் கணுவுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, ஆட்கள் இல்லாத பக்கமாக வெடுக்கென்று தள்ளுங்கள். மிச்ச முட்களுக்குச் சிறு இடுக்கி. இரண்டும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். கூட வர ஆசைப்படுகிறார்.
– வாசகி, அண்ணா நகர்

பதில்: கேமல்பேக் உச்சி வேண்டாம். சில ரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரை அதிகமாகப் பிரித்து உடம்பின் நீரைக் குறைப்பவை, உலர்ந்த காற்றில் அது இரட்டிப்பு இழப்பு. எந்த மாத்திரை என்று கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் ஆசைக்கு பாப்பகோ பூங்காவில் ‘ஹோல் இன் தி ராக்’ என்ற துளைப்பாறை இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறிவிடலாம், நகரம் நன்றாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை குளிர் ஐந்தாறு டிகிரி வரை இறங்கும், அவருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துவையுங்கள்.