கையுறை போட்டுவிட்டால் கை கழுவ வேண்டாமா?

(மும்பை மருத்துவமனை ஒன்றில் தொற்றுத் தடுப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மாமியாருக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. பியூரோ மூலம் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் மவுசி (உதவியாளர் அம்மா) காலையில் கையுறை போட்டால் சாயங்காலம் கிளம்பும்போதுதான் கழற்றுகிறார். "சுத்தமாத்தானே இருக்கேன்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, சிஸ்டர்.
– வாசகி, செம்பூர்

ஒப்பாததுதான் சரி. அந்தக் கையுறை மவுசியின் கையைக் காப்பாற்றுகிறது, உங்கள் மாமியாரைக் காப்பாற்றவில்லை. பெட்பேன் எடுத்த அதே கையுறையோடு தலையணையைச் சரிசெய்து, தண்ணீர் டம்ளரை நீட்டி, நடுவில் போன் வந்தால் அதையும் எடுத்துப் பேசிவிட்டு, அப்புறம் இடுப்பில் இருக்கிற கட்டை அழுத்திப் பார்த்தால், பெட்பேனில் இருந்தது நேராகத் தையலுக்குப் போய்விடும். வெறுங்கை என்றால் பிசுபிசுப்பு தெரியும், உடனே கழுவத் தோன்றும். கையுறைக்குள் இருக்கிற கைக்கு அது தெரியாது, அதுதான் வம்பு.

ஒரு வேலைக்கு ஒரு கையுறை. வேலை முடிந்ததும் கழற்றிப் போட்டுவிட்டுக் கையைச் சுத்தம் செய்ய வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதே கையில் பட்டும் விடலாம். கையுறை மேலேயே சானிடைசர் தடவி ஓட்டுகிற வேலையும் வேண்டாம். சும்மா தலை வாரிவிட, சாப்பாடு கொடுக்கக் கையுறையே தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனம் கை சுத்தத்துக்கு ஐந்து தருணங்கள் சொல்கிறது. நோயாளியைத் தொடும் முன். கட்டு, ஊசி, டியூப் மாதிரியானவற்றில் கை வைக்கும் முன். ரத்தம், சிறுநீர், மலம் பட வாய்ப்பிருந்த வேலைக்குப் பின். நோயாளியைத் தொட்ட பின். அவரைச் சுற்றியிருக்கும் கட்டில், மேஜை, போர்வையைத் தொட்ட பின். நான் பார்த்தவரை கடைசியைத்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள், "ஆளையே தொடலையே" என்று. மவுசியிடம் அதிகாரமாகச் சொன்னால் முகம் வாடிவிடும். ஒரு பம்ப் பாட்டில் சானிடைசரைக் கட்டில் கம்பியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள், முதலில் நீங்கள் தடவிக்கொண்டு மாமியாரைத் தொடுங்கள். கை எட்டுகிற இடத்தில் இருந்தால் பாதி சண்டை குறையும்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரருக்கு ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தபோது வயிற்றுப்போக்கு வந்தது. "சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றார் நர்ஸ். 99.9 சதவீதம் கிருமியைக் கொல்லும் என்றுதானே பாட்டிலில் போட்டிருக்கிறது? இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே தண்ணீர் காலையில்தான் வரும், டிரம்மில் பிடித்து வைக்கிறோம்.
– வாசகி, தாராவி

அந்த நர்ஸ் விஷயம் தெரிந்தவர். ஆன்டிபயாடிக், குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துத் துடைத்துவிடும். அந்தக் காலி இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்று ஒன்று சில பேருக்குப் பெருகும். அது கெட்டி ஓடு போட்ட வித்து மாதிரி மாறி உட்கார்ந்துகொள்ளும், ஆல்கஹால் அந்த ஓட்டைத் துளைக்காது. சோப்பும் கொல்லாது, ஆனால் தேய்த்துத் தண்ணீர் விட்டால் கையிலிருந்து கழன்று ஓடிவிடும், நமக்கு அது போதும். உங்கள் வீட்டுக்காரருக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, ஆன்டிபயாடிக்கால் சாதாரணமாகவே வயிறு போகும். இன்னும் போய்க்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலும் சோப்புதான், சானிடைசர் அழுக்குக்கு மேல் அழுக்காகப் பரவும்.

டிரம்முக்குள் கையை விடாதீர்கள், அது ஒன்றுதான் முக்கியம். அடியில் குழாய் வைத்த டிரம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பிள்ளையை மக்கால் ஊற்றச் சொல்லுங்கள். நனைக்கக் கொஞ்சம், அலசக் கொஞ்சம், நடுவில் தேய்க்கிற நேரத்துக்குத் தண்ணீரே வேண்டாம். மொத்தமாக 40 முதல் 60 விநாடி. கட்டி சோப்பு சொதசொதவென்று தண்ணீரில் ஊறாமல், ஓட்டை போட்ட டப்பாவில் இருக்கட்டும். அவருக்குத் துடைக்கிற துண்டில் நீங்கள் கை துடைக்காதீர்கள். புடவை முந்தானையிலும்தான்!

கேள்வி: நர்சிங் முதல் வருஷம் படிக்கிறேன். சுடுதண்ணீரில் அழுத்தித் தேய்த்துக் கழுவிக் கழுவிப் புறங்கை வெடித்து எரிகிறது. கை தேய்க்கச் சொல்லித்தரும் ஆறு ஸ்டெப்பையும் விடாமல் செய்தால் வார்டில் வேலை ஓடுமா, மேடம்?
– வாசகி, வாஷி

சுடுதண்ணீரை இன்றே நிறுத்து. சூட்டால் கிருமி சாக வேண்டும் என்றால் முதலில் உன் கை வெந்துவிடும்! தோலின் எண்ணெய்தான் போகிறது, வெடித்த தோலில் கிருமி இன்னும் சுகமாகக் குடியிருக்கும். அழுக்கு தெரியாத நேரமெல்லாம் ஹேண்ட் ரப் (அதான் சானிடைசர்) போடு, 20 முதல் 30 விநாடியில் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் கிளிசரின் சேர்ப்பதே தோலுக்காகத்தான். வெடிப்பில் பட்டால் எரியும், அதைப் பார்த்து ஹேண்ட் ரப் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடாதே. ட்யூட்டி முடிந்ததும் கிரீம் தடவு. புண் ஆறவில்லை என்றால் மறைக்காமல் சொல்.

ஆறு ஸ்டெப் பற்றி ஒரு கதை. ஒரு பயிற்சி வகுப்பில், கறுப்பு விளக்குக்கு (புற ஊதா விளக்கு) அடியில் ஒளிர்கிற ஹேண்ட் ரப்பைத் தடவிக்கொண்டு கையைப் பெட்டிக்குள் நீட்டச் சொன்னார்கள். பட்ட இடமெல்லாம் நீலமாக மின்னும். பதினைந்து வருஷ சர்வீஸ், பெருமையாக நீட்டினேன். என் வலது கட்டைவிரல் முழுசாகக் கறுப்பு, விரல் நுனிகளும் அப்படியே, மோதிரத்துக்கு அடியில் ஒரு கறுப்பு வளையம். உள்ளங்கை மட்டும் பளபளவென்று இருந்தது. எல்லோருக்கும் உள்ளங்கையைத் தேய்க்கத்தான் வரும், ஆனால் நரம்பில் மருந்து ஏற்றுகிற கேனுலாக் குழாயைத் தொடுவது நுனிவிரல். அன்றிலிருந்து நான் நுனிவிரல்களைக் குவித்து உள்ளங்கையில் தேய்ப்பதிலிருந்துதான் ஆரம்பிப்பேன், அப்புறம் கட்டைவிரலை மற்ற கையால் பிடித்துச் சுழற்றுவேன். வரிசை மாறினால் ஒன்றும் கெட்டுவிடாது, இடம் விட்டுப்போகக் கூடாது. மோதிரமும் வளையலும் வார்டுக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் "கை கழுவினீங்களா" என்று கேட்கலாமா? கோபப்படுவாரோ?
– வாசகர், மாட்டுங்கா

கேளுங்கள் சார். டாக்டர்களின் ரோஷம் இன்று நேற்று வந்ததில்லை. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவியே ஆக வேண்டும் என்று வைத்தார். ஏப்ரலில் 100க்கு 18 தாய்மார் செத்துக்கொண்டிருந்த வார்டில் ஜூனில் 2 பேர்தான். அப்படியும் சக டாக்டர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை, "எங்கள் கையா அழுக்கு" என்று. கேட்கிற விதம் ஒன்று சொல்கிறேன்: டாக்டர் பக்கத்தில் வந்ததும் பாட்டிலை எடுத்து நீங்கள் ஒரு பம்ப் அடித்துக்கொண்டு, "சார், உங்களுக்கு?" என்று நீட்டுங்கள். மறுத்த டாக்டரை நான் பார்த்ததில்லை, முறைத்தவர் ஒருவர் உண்டு, முறைத்துக்கொண்டே கையை நீட்டினார்.

கேள்வி: லிட்டர் கணக்கில் மலிவாக விற்கிற நீல சானிடைசர் வாங்கலாமா? தண்ணீர் கலந்து பெருக்கலாமா?
– வாசகர், முலுண்ட்

நிறத்தில் ஒன்றுமில்லை, லேபிளைப் பாருங்கள். எத்தனால் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால், குறைந்தது 60 சதவீதம் என்று இருக்க வேண்டும். லேபிளே இல்லாவிட்டால் வாங்காதீர்கள், மெத்தனால் கலந்திருந்தால் விஷம். தண்ணீர் ஊற்றினால் சதவீதம் இறங்கிவிடும், அப்புறம் அது வாசனைத் தண்ணீர்தான். ஈரக் கையில் போட்டாலும் அதே கதை. இது பற்றிக்கொள்ளும் சரக்கு, அடுப்புப் பக்கமோ சாமி விளக்குப் பக்கமோ வைக்காதீர்கள். தடவினால் கை நன்றாகக் காய்ந்த பிறகு தீக்குச்சியைத் தொடுங்கள்.