அச்சுக்கூலி யார் தருவது?

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறுதோறும் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி மேசையைச் சுற்றி ஆடும் கதை விளையாட்டை விளையாடுகிறோம். சாகசங்கள், புது அரக்கர்கள், வரைபடங்கள் என்று நாங்களே உருவாக்கியது நிறையச் சேர்ந்துவிட்டது. எந்த நிறுவனத்தையும் சாராமல் இதைத் தமிழில் ஒரு சிறு அச்சிதழாகக் கொண்டுவர ஆசை. வெளிநாட்டில் இப்படி வந்த இதழ்கள் எப்படித் தாக்குப்பிடித்தன? எங்களுக்கு எந்த வழி ஒத்துவரும்?

பதில்: எட்டுப் பேரும் எழுதுகிறவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்ற அமெரிக்க ரசிகர் இதழ் போன வழியில் போங்கள். இந்த விளையாட்டுக்கான இதழ்களில் நெடுங்காலம் நின்றது அதுதான். 1975 ஜூனில் தொடங்கி 2025 வரை மாத இதழாக வந்தது. அவ்வளவு காலமும் அதை நடத்தியவர் லீ கோல்ட் என்ற ஒரே பெண்மணி. பின்னால் பெரிய பதிப்பகமோ விளம்பரதாரரோ இல்லை.

அது பிறந்த கதையே சுவாரசியம். லாஸ் ஏஞ்சலஸ் அறிவியல் புனைகதை ரசிகர்கள் ஏபிஏ-எல் என்று வாராவாரம் ஒரு தொகுப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரவர் எழுதிய பக்கங்களைக் கொடுப்பார்கள். ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பின் அடித்து எல்லோருக்கும் தருவார். 1974-இல் டி அண்ட் டி வெளிவந்தது. அப்புறம் அந்தத் தொகுப்பில் எங்கு பார்த்தாலும் நிலவறையும் அரக்கனும்தான். விளையாடாதவர்கள் முணுமுணுக்க, இந்தப் பேச்சுக்கென்றே ஒரு தனித் தொகுப்பைத் தொடங்கினார் கோல்ட்.

அன்றைக்கு அச்சு என்றால் சைக்ளோஸ்டைல். நம் ஊர்ச் சங்கங்களும் பள்ளிகளும் நோட்டீசுக்கும் கேள்வித்தாளுக்கும் பயன்படுத்திய அதே சங்கதிதான். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் வெறும் எழுத்தால் அடிக்க வேண்டும். எழுத்து குத்திய இடத்தில் மெழுகு விலகும், அந்த வழியாக மை இறங்கும். தப்பாக அடித்துவிட்டால் திருத்தும் திரவத்தைத் தடவி, காய விட்டு, அதன் மேலேயே மறுபடி அடிக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு, கையிலிருந்து காசும் போட்டுத்தான் எழுதினார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தக் காசுக் கணக்கைத்தான். எழுதுகிறவர் தம் பக்கங்களுக்கான அச்சுச் செலவைத் தாமே ஏற்பார். எழுதாமல் படிக்க மட்டும் விரும்புகிறவர் பிரதிக்கும் தபாலுக்கும் பணம் கட்டுவார். தொகுப்பவர் தலையில் கடன் விழாது. பக்கம் கூடினால் அதற்கான பணமும் கூடவே வந்துவிடும். நூறு பக்கம் தாண்டிய இதழ்களை மாதாமாதம் போட முடிந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்பேன்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. போன இதழில் எழுதிய ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி இந்த இதழில் பதில் எழுதுவார்கள். ‘உங்கள் மந்திர விதி எங்கள் மேசையில் எடுபடவில்லை, காரணம் இது’ என்கிற மாதிரி. அந்தப் பதிலைப் படிக்கவாவது அடுத்த மாதப் பிரதியை வாங்கியே தீருவார்கள். ஜோனதன் ட்வீட், ராபின் லாஸ் போன்ற விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இந்தப் பக்கங்களில் எழுதி வளர்ந்தவர்கள். 2000-இல் வந்த டி அண்ட் டி மூன்றாம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளர் அதே ட்வீட்தான். விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸும் தொடக்கத்தில் இந்த இதழுக்குக் கடிதம் எழுதினார்; 1978-இல், டி அண்ட் டியை வெளியிட்ட தம் டிஎஸ்ஆர் நிறுவனத்தின் டிராகன் இதழில் இந்த மாதிரி ரசிகர் தொகுப்புகளைச் சாடவும் செய்தார். நிறுவனத்துக்கு எரிச்சலூட்டும் அளவுக்கு இருந்தால்தானே சுதந்திர இதழ்!

வொயிட் டுவார்ஃப் என்ற பிரிட்டிஷ் இதழ் போனது வேறு வழி. லண்டனில் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற தங்கள் விளையாட்டு விற்பனை நிறுவனத்தின் சார்பில் 1975-இல் ஆவ்ல் அண்ட் வீசல் என்ற செய்திமடலை விட்டார்கள். 1977-இல் அது வொயிட் டுவார்ஃப் ஆனது. டி அண்ட் டி, ரூன்க்வெஸ்ட், டிராவலர் என்று பலருடைய விளையாட்டுகளுக்கும் அதில் இடம் இருந்தது. ஆனால் முதலாளி ஒரு கடை. எண்பதுகளின் பிற்பகுதியில் கடை தன் சொந்த வார்ஹாமரையும் பொம்மைப் படைகளையும் விற்பதில் இறங்கியதும் இதழும் அந்தப் பக்கமே போய்விட்டது. யாராவது கடைக்காரர் செலவை ஏற்கிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. எதைப் பற்றி எழுதுவது என்பதை மட்டும் அவர் முடிவு செய்யக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

உரிமை விஷயத்துக்கும் அந்த இதழிலேயே உதாரணம் இருக்கிறது. வாசகர் அனுப்பும் அரக்கர்களுக்கென்று ‘ஃபீண்ட் ஃபேக்டரி’ என்ற பகுதி அதில் வந்தது. சார்லஸ் ஸ்ட்ராஸ் என்ற பதின்வயதுப் பையன் கித்யாங்கி என்ற இனத்தை உருவாக்கி அனுப்பினான். அது 1981-இல் டிஎஸ்ஆர் நிறுவனத்தின் ஃபீண்ட் ஃபோலியோ என்ற அரக்கர் தொகுப்பு நூலுக்குப் போனது. பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேம் ஆடியிருந்தால் லாயெசெலைத் தெரிந்திருக்குமே, அவள் அந்த இனம்தான். இன்று அந்த இனம், டி அண்ட் டியை இப்போது வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் சொத்து. ஸ்ட்ராஸ் பிறகு பெயர்பெற்ற நாவலாசிரியரானார் என்பது தனிக் கதை. உங்கள் இதழில் படைப்புரிமை எழுதியவருக்கே என்று முதல் இதழிலேயே அச்சிட்டுவிடுங்கள். நண்பர்கள்தானே என்று விடாதீர்கள், நண்பர்களுக்குள்தான் இந்தத் தகராறு மோசமாகும்.

இனி உங்கள் இதழுக்கு வருவோம். மாத இதழ் என்று அறிவிக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். ஆளுக்கு நான்கு பக்கம் என்றால் 32 பக்கம் வரும். சென்டர் பின் அடிக்க, பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும், அதற்கும் இது சரியாகப் பொருந்தும். நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் பிரிண்ட் போடுங்கள். ஆஃப்செட் சில நூறு பிரதி தாண்டினால்தான் கட்டுப்படியாகும். வரைபடங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே வரையுங்கள், வண்ணத்தில் வரைந்து கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் சுவரும் தரையும் ஒரே சாம்பலாகிவிடும்.

விதிகளைத் தமிழில் எடுத்தெழுதலாமா என்ற தயக்கமும் வரும். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். அந்த ஆவணத்தில் உள்ளதற்கு மட்டும்தான் இது செல்லும். ஃபோர்கட்டன் ரெல்ம்ஸ் என்ற அவர்களுடைய கற்பனை உலகம், புத்தகப் படங்கள், மேலே சொன்ன கித்யாங்கி இதெல்லாம் அதில் சேராது. குறிப்பிட வேண்டிய வாசகம் ஆவணத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதை அப்படியே எடுத்து, உரிமைக் குறிப்போடு சேர்த்து அட்டையின் உள்பக்கத்தில் போட்டுவிடுங்கள்.