எச்-இன்டெக்ஸ் 14 (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

என் மகள் பினாங்கில் உயிர்மருத்துவம் படித்து முடித்திருக்கிறாள். பிஎச்டி ஆய்வுக்கு இரண்டு பேராசிரியர்கள் அவளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர் மார்பகப் புற்றுநோய் மரபியலில் பெரிய ஆள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் அவருடைய எச்-இன்டெக்ஸ், அதாவது மேற்கோள்களை வைத்துப் போடும் எண், 41. இன்னொருவர் செல் உயிரியலாளர். இருபது வருடமாக வாய்ப் புற்றுநோயில் வேலை செய்கிறார், அவருக்கு 14தான். மகளுக்கு இவரிடம் சேரத்தான் ஆசை. நானும் என் மனைவியும் தயங்குகிறோம். இருபது வருடத்தில் 14 என்றால் உலகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை என்றுதானே அர்த்தம்?

ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி அர்த்தமில்லை. ஒவ்வொன்றும் குறைந்தது 14 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 14 இருக்கின்றன, அவ்வளவுதான். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு இது. நான்கே கட்டுரை எழுதியவருக்கு, அதில் ஒன்றை ஐயாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருந்தாலும், எண் 4ஐத் தாண்டாது. மரபியலில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிடும் பன்னாட்டு ஆய்வுகளில் எழுதியவர்கள் பட்டியல் சில நூறு பேர் வரை நீளும். நடுவில் நூற்றைம்பதாவதாக நிற்பவர் கணக்கிலும் அந்தக் கட்டுரையின் மேற்கோள் முழுசாக வரவாகும். 41 உள்ளவரைக் குறை சொல்லவில்லை. இந்தத் துறையில் ஆய்வுக்கூடத் தலைவரின் பெயர் பெரும்பாலும் கடைசியில் வரும். இருவருக்கும் அப்படி வந்த கட்டுரைகள் எத்தனை என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கட்டுரையை மேற்கோள் காட்ட, அதே கேள்வியோடு மல்லுக்கட்டும் ஆட்கள் வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆய்வுக்கூடங்கள் ஏராளம். வெற்றிலை பாக்கால் வரும் வாய்ப் புற்றுநோய் ஆசியாவின் நோய். மலேசியாவில் இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம்தான் அதிகம். தோட்டத்துப் பாட்டிமார் வெற்றிலையும் புகையிலையுமாகக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பால்மரம் வெட்டியது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த உருண்டை இருந்த இடத்திலேயே உட்கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழும், பிறகு ஆறாத புண்ணாகும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் அறிக்கை வந்ததே 2004இல்தான்.

அந்தக் கட்டியிலிருந்து செல்களை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது லேசுப்பட்ட வேலையல்ல. வாயிலிருந்து வருவதால் கிருமியும் பூஞ்சையும் கூடவே வரும். அதைத் தாண்டினால், கட்டியோடு வரும் நார்த்திசுச் செல்கள் முந்திப் பெருகி, செல் வளர்க்கும் தட்டு முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ஒரு செல் லைன், அதாவது ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல் வரிசை, நிலைக்க மாதக்கணக்காகும், பல நிலைப்பதே இல்லை. இவ்வளவு பாடுபட்டு எழுதும் கட்டுரையை எடுத்துப் பேச உலகில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நம் வீட்டு நோயை ஆராய்ந்ததற்காக ஒருவருடைய எண் குறைந்திருக்கலாம் என்பதை நாமாவது புரிந்துகொள்ள வேண்டும்.

எண் பெரிதாக இருந்தால்தான் ஆய்வும் பெரிது என்றில்லை. புற்றுநோய் மரபியலின் அடித்தளங்களில் ஒன்று, 48 நோயாளிகளின் குறிப்புகளை வைத்து எழுதிய கட்டுரை. 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற மரபியலாளர், விழித்திரைப் புற்று வந்த குழந்தைகளை இரண்டு கண்ணிலும் வந்தவர்கள், ஒரு கண்ணில் வந்தவர்கள் என்று பிரித்து, நோய் தெரிந்த வயதை வரைபடமாகப் போட்டார். முதல் கூட்டத்துக்குக் கோடு நேராக இறங்கியது, மற்றதற்கு வளைந்தது. முதல் கூட்டம் ஒரு மரபணுவில் ஒரு பழுதோடே பிறக்கிறது, இன்னொன்று விழுந்தால் போதும். மற்றவர்களுக்கு இரண்டுமே பிறந்த பிறகு விழவேண்டும் என்று கணித்தார். அந்த மரபணு கையில் சிக்க 1986 ஆயிற்று.

ஆய்வுப் பத்திரிகையின் தாக்க எண்ணை (அதில் வரும் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்ற கணக்கை) வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்ற பிரகடனமும் 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய செல் உயிரியலாளர்கள் கூட்டத்தில்தான் உருவானது. அதற்காக மேற்கோளே பொருட்டில்லை என்று சொல்லமாட்டேன். இருபது வருடம் யாருமே தொடாத ஆய்வு என்றால் நானும் யோசிப்பேன். 14 அப்படிப்பட்ட எண் அல்ல.

அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் மகள் பேசட்டும். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது, இப்போது எங்கே வேலை என்று கேட்கட்டும். பதில் திருப்தியாக இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.