வீட்டிலேயே யோகா செய்து கோர் தசைகளை வலுவாக்க முடியுமா? நௌகாசனம் செய்தால் வயிற்றுக்குப் பதில் முதுகுதான் வலிக்கிறது, ஏன்?

தாராளமாக முடியும். ஒரு விரிப்பும் கை கால் நீட்ட இடமும் இருந்தால் போதும். நான் பல வருடங்களாக வீட்டில்தான் பயிற்சி செய்கிறேன், வேறு எந்தக் கருவியும் தேவைப்பட்டதில்லை. உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நௌகாசனத்தில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் நீட்டித் தூக்குவது வயிற்றுத் தசையின் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் காலைத் தூக்குவது தொடையை இடுப்புப் பக்கம் மடக்கும் தசைகள். அதில் முக்கியமானது சோவாஸ். அது கீழ்முதுகின் எலும்புகளிலிருந்து புறப்பட்டு, இடுப்பின் உட்புறமாக இறங்கி, தொடை எலும்பின் மேல்பகுதியில் போய்ச் சேர்கிறது. ஒரு முனையில் காலைத் தூக்கும்போது மறுமுனையில் முதுகெலும்பையும் இழுக்கும். அந்த இழுப்புக்கு முதுகு அசையாமல் பிடித்து வைப்பதுதான் வயிற்றுத் தசையின் பங்கு. அதற்கு இன்னும் வலு வராதபோது முதுகு தன் நிலையை விட்டு நழுவுகிறது. பாரம் எல்லாம் அங்கே இறங்கிவிடுகிறது. அதனால் நௌகாசனத்தைக் கொஞ்ச நாள் ஒத்தி வையுங்கள். வலு வந்த பிறகு செய்ய வேண்டிய ஆசனம் அது. வலுவில்லாதவர்களுக்கு அதையே முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கோர் என்றதும் முன்னால் கட்டுக்கட்டாகத் தெரியும் தசைதான் நினைவுக்கு வரும். அது மேல் அடுக்கு மட்டுமே. அதற்கு உள்ளே, அகலமான பெல்ட் மாதிரி வயிற்றைச் சுற்றி ஒரு குறுக்குத் தசை இருக்கிறது. இரு பக்கமும் சாய்வாக ஓடும் தசைகள், மேலே மூச்சை இயக்கும் உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், பின்னால் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு தசைகள் என எல்லாம் சேர்ந்ததுதான் கோர். குனிவது, திரும்புவது இவற்றை எல்லாம் இந்தத் தசைகள் செய்யத்தான் செய்கின்றன. ஆனால் கையும் காலும் அசையும்போது நடு உடம்பு ஆடாமல் பார்த்துக்கொள்வதே அவற்றின் பெரிய வேலை.

இந்தக் கூட்டத்தில் உதரவிதானமும் இருப்பதால்தான் யோகா இதற்கு இவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. இடுப்பெலும்பு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளையும் தொட்டு, அங்கிருந்து விரல்களைக் கொஞ்சம் உட்பக்கம் நகர்த்தி லேசாக அழுத்துங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் வரும்படி மூச்சைக் கடைசி வரை விடுங்கள். முடியும் தறுவாயில் விரலுக்கு அடியில் ஒரு இறுக்கம் தெரியும். நீங்கள் எதையும் வேண்டுமென்று சுருக்கவில்லை, மூச்சு வெளியேறும்போது குறுக்குத் தசை தானாகவே இறுகுகிறது. ஒவ்வோர் ஆசனத்திலும் கஷ்டமான கட்டத்தை மூச்சை விடும்போது செய்யச் சொல்வது இதனால்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டும் உடம்பை இறுக்கி நிறுத்தலாம். ஆனால் அப்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது, இந்தத் தசைகள் மூச்சோடு சேர்ந்து வேலை செய்யவும் பழகுவதில்லை.

அடுத்து ஒரு சோதனை. இது எனக்கு மிகவும் பிடித்தது, இன்றைக்கும் பயிற்சிக்கு முன்னால் செய்கிறேன். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் வையுங்கள். ஒரு கையை, உள்ளங்கை தரையைப் பார்த்தபடி, கீழ்முதுகின் குழிவுக்கு அடியில் நுழையுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே ஒரு பாதத்தை மட்டும் தரையிலிருந்து எடுங்கள். கையின் மேல் முதுகு அழுந்துகிற அளவு மாறக் கூடாது. சரி, மாறவில்லை என்றால் அந்தக் காலை இறக்கி மற்றதை எடுங்கள். அதுவும் ஆயிற்று என்றால், தூக்கிய காலை மெதுவாகத் தரைக்கு மேலே நீட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் முதுகு கையை விட்டு எழும்புகிறதோ அதுதான் இன்றைக்கு உங்கள் எல்லை. அதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, அங்கேயே பழகுங்கள். பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி. ஆனால் முறையாகச் செய்தால் சில முறையிலேயே உள்வயிறு சூடேறுவது தெரியும்.

இதன் பிறகு தவழும் நிலைக்கு வாருங்கள். மார்ஜரியாசனத்தில் முதுகை மேலும் கீழும் சில தடவை வளைத்துத் தளர்த்திக்கொண்டு, முதுகைச் சமமாக வைத்து வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. காலை உயரத் தூக்குவதை விட, குதிகாலைப் பின்சுவரை நோக்கித் தள்ளுவதில் கவனம் வைத்தால் இடுப்பு தானாகவே அடங்கும். பிறகு பக்கம் மாற்றுங்கள்.

அப்புறம் சேதுபந்தாசனம், அதாவது மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி இடுப்பைத் தூக்குவது. இது பிட்டத்துக்கும் பின்பக்கத்துக்கும். முன்வயிற்றை மட்டும் பழக்கிவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிடுவது வீட்டுப் பயிற்சியில் சாதாரணமாக நடப்பது. குப்புறப் படுத்துக் காலைத் தூக்கும் சலபாசனத்தையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம், ஆரம்பத்தில் ஒரு நேரத்தில் ஒரு கால் போதும். ஒரு பக்கமாகச் சாய்ந்து உடம்பை நேராகத் தூக்கி நிறுத்தும் வசிஷ்டாசனத்தை (பக்கவாட்டுப் பிளாங்க்), முழங்கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றிய எளிய வடிவத்தில் தொடங்குங்கள்.

குப்புறக் கைகளை ஊன்றி உடம்பைப் பலகை போல நேராக நிறுத்தும், பிளாங்க் என்று எல்லோரும் சொல்லும் பலகாசனத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதில் பெரிய போட்டியே நடக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கவியலை ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில், முதுகுவலிக்காரர்களுக்கு மூன்று பயிற்சிகளை முக்கியமாகச் சொல்வார். அதில் இரண்டு, மேலே சொன்ன எதிரெதிர் கை கால் நீட்டலும் பக்கவாட்டுப் பிளாங்க்கும்தான். ஒரே மூச்சில் வெகுநேரம் பிடிக்காமல், 10 விநாடி அளவில் பிடித்து, விட்டு, மறுபடி பிடிப்பதையே அவர் பரிந்துரைக்கிறார். களைப்பில் உருக்குலைந்து நிற்கும் நேரம் கணக்கில் வராது என்பதே என் கருத்தும். போனைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். இடுப்பு தொங்கியிருந்தாலும் பிட்டம் தூக்கியிருந்தாலும் உடனே தெரிந்துவிடும். மணிக்கட்டு வலித்தால் முழங்கைகளை ஊன்றுங்கள். தசை நடுங்கினால் பயப்பட வேண்டாம். மூச்சு திக்கினால் இறங்கிவிடுங்கள்.

கடைசியில் சவாசனம். முழுவதும் சேர்த்து 20 நிமிடம் ஆகும். வாரத்தில் 3 அல்லது 4 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்தால் போதும். சாப்பிட்ட உடனே செய்யாதீர்கள். முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்புகள் தசையை ஒழுங்காக வேலைக்குக் கூப்பிடக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருப்பது அதற்குப் பிறகுதான். எனவே கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வயிற்றுக் கொழுப்பு இந்தப் பயிற்சியால் தனியாக வயிற்றில் மட்டும் கரையாது. அது வேறு கணக்கு, சாப்பாட்டையும் மொத்த உடலுழைப்பையும் பொறுத்தது.

கை வைத்த சோதனையில் இரண்டு காலையும் எடுத்த பிறகும் முதுகு அசையவில்லை என்றால் நௌகாசனத்துக்குத் திரும்பலாம். முதலில் முழங்கால் மடங்கியே இருக்கட்டும், தொடையின் பின்புறத்தைக் கைகளால் பிடித்துக்கொள்ளுங்கள், மார்பு நிமிர்ந்திருக்கட்டும். அதில் நிதானமாக ஐந்து மூச்சு ஓடினால் கைகளை விடுங்கள். காலை நீட்டுவது கடைசிப் படி. நீட்டியதும் முதுகு கூன் போட்டால் மறுபடி மடக்கிவிடுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வயிற்றின் நடுக்கோட்டில் தசை விலகியிருக்கும். தலையைத் தூக்கும்போது நடுவில் மேடு தட்டினால் நௌகாசனம், முழுப் பிளாங்க் இரண்டையும் விட்டுவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். குடலிறக்கம், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை, எலும்புத் தேய்வு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். உங்கள் வலி முதுகோடு நிற்காமல் காலுக்கு இறங்கினாலோ மரத்துப் போனாலோ ஆசனத்தை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள்.