கல்லின் நடுவில் எண்ணெய் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: யாங்கோனில் காலையில் தோசை சுட்டு விற்கிறேன். கரி அடுப்புதான். புதிதாக வாங்கிய மெல்லிய இரும்புக் கல்லில் கடலை எண்ணெய் தேய்த்தால், சூடேறியதும் எண்ணெய் நடுவை விட்டு விலகி ஓரத்தில் வளையமாக நிற்கிறது. நடுவில் தோசை ஒட்டிக்கொள்கிறது. எண்ணெயில் பாமாயில் கலந்திருக்கிறதா, கல்லில் கோளாறா?

பதில்: எண்ணெய்க்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள், சகோதரி. சுத்தமான கடலை எண்ணெயும் இப்படித்தான் விலகும். நல்லெண்ணெயும் பாமாயிலும் அதையேதான் செய்யும். இதை வைத்துக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் ஆறிய கல்லின் நடுவில் ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். சூடு இல்லாமலே நாலாபக்கமும் ஓரத்துக்கு ஓடினால் கல் நடுவில் மேடு தட்டியிருக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டும். ஓடாவிட்டால், எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, கல்லின் ஒரு ஓரம் மட்டும் தணலுக்கு மேல் வரும்படி நகர்த்தி வையுங்கள். வறண்ட வட்டமும் அந்த ஓரத்துக்கு இடம் மாறினால் காரணம் சூடுதான்.

எந்தத் திரவத்தின் மேற்பரப்பும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த இழுப்புதான் பரப்பு இழுவிசை. சூடு ஏற ஏற அது தளரும்: தண்ணீருக்கு 20 டிகிரி செல்சியஸில் மீட்டருக்குச் சுமார் 73 மில்லிநியூட்டன், 100 டிகிரியில் 59. எண்ணெய்க்கு ஆரம்பத்திலேயே அதில் பாதிகூடக் கிடையாது. தணலுக்கு நேர் மேலே இழுவிசை தளர்ந்துவிட, ஆறியிருக்கும் ஓரம் மேற்பரப்பைத் தன் பக்கம் இழுக்கிறது. அடியில் உள்ள எண்ணெயும் கூடவே போகிறது. 1865இல் இத்தகைய ஓட்டங்களை ஆராய்ந்த இத்தாலியர் கார்லோ மாரங்கோனியின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

எண்ணெய் தாராளமாக இருந்தால், ஓரத்தில் குவிந்தது தன் எடையாலேயே திரும்ப வழிந்து நடுவை மூடும். படலம் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக இருந்தால் அந்த எடை போதாது. நடு கிழிந்து வறண்டுவிடும். 2021இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் சூரியகாந்தி எண்ணெயை நான்ஸ்டிக் சட்டியில் சூடாக்கி இதைக் காட்டினார்கள். எண்ணெயைக் கூட்டுங்கள், சூட்டை மிதமாக வையுங்கள், அடி கனத்த சட்டியை எடுங்கள் என்பது அவர்கள் யோசனை. மீன் வறுக்க அது சரி. தோசைக்கு எண்ணெயைக் கூட்டினால் மாவு வழுக்கும், கரண்டியால் இழுக்க வராது.

மின்சாரத்தை நம்ப முடியாத ஊரில் கரி அடுப்பை விடச் சொல்ல மாட்டேன். தணலை நடுவில் குவிக்காமல் வளையமாகப் பரப்புங்கள். தண்ணீர் தெளித்து, அது வற்றியதும் வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்து, உடனே மாவை ஊற்றுங்கள். எண்ணெய் தேய்த்துவிட்டு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தால் நடு மீண்டும் காய்ந்துவிடும். கல்லை நன்றாகப் பழக்கிவிடுவதும் முக்கியம். பழகிய கல்லில் படிந்திருக்கும் கருப்புப் பூச்சு காய்ந்து இறுகிய எண்ணெய். அது திரவமல்ல, எனவே எந்தச் சூட்டுக்கும் நகராது. அடுத்த கல்லை வாங்கும்போது, தூக்கக் கை வலிக்கிற அளவு கனமாகப் பார்த்து வாங்குங்கள்.