மகள் தட்டியும் குதிரை நகரவில்லையா? கையைப் பாருங்கள்

குதிரையேற்றம் கற்கும் உங்கள் மகள் குதிகாலால் தட்டத் தட்ட குதிரை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் அவள் கைதான். பயத்தில் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்திருப்பாள். கால் 'போ' என்கிறது, கை 'நில்' என்கிறது. பாவம், அது என்ன செய்யும்?

ஒன்று செய்து பாருங்கள். பெரியவர் ஒருவர் முன்னால் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். மகள் வாரைத் தளர்த்தி, பிடரி மயிரை ஒரு கொத்தாகப் பிடித்து, நிமிர்ந்து முன்னே பார்த்தபடி கெண்டைக்காலால் மெல்ல அழுத்தட்டும். குதிரை ஓர் அடி வைத்ததுமே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். அதற்கு அதுதான் பரிசு.

அவளுக்குக் கற்றுத்தரும் ஜட்கா வண்டிக்காரத் தாத்தா மூன்று வாரமாகக் குதிரையைத் தேய்க்கவும் தண்ணி காட்டவும் மட்டுமே விட்டார் என்று அலுத்துக்கொண்டீர்களே, எனக்கு அது நல்ல பாடமாகத்தான் படுகிறது. காது பின்னால் மடங்கினால் எரிச்சல் என்பதைச் சேணத்தில் உட்கார்ந்து கற்க முடியாது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளைப் பார்த்துவிட்டு, முதல் நாளே அப்படிப் பாய நினைத்தவன் நான். ஒரு மாதம் சாணிதான் அள்ளினேன்.

ஆனால் வார் தளர்ந்தும் நகராமல், சேணம் வைக்கும்போதே கடிக்க வந்தால் முதுகு வலியாக இருக்கலாம். அன்று ஏற வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், நம்ம வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் எந்தக் குதிரையும் சோம்பும்.