உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு நடத்தை விதிகள் உண்டா? மீறினால் யார் கேட்பது?

உண்டு. 1997 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் கூடி 16 அம்சங்களை ஏற்றுக்கொண்டார்கள். உறவினர், நண்பர் தவிர யாரிடமும் பரிசு வாங்கக் கூடாது. தான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் வழக்கு என்றால் அதைச் சொல்லாமல் விசாரிக்கக் கூடாது. வக்கீலாக இருக்கும் மகனோ மருமகளோ நீதிபதி வீட்டில் வைத்துத் தொழில் பார்க்கக் கூடாது. இப்படிப் போகும்.

மீறினால்? அதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. 1999இல் வந்த உள்விசாரணை முறைப்படி சக நீதிபதிகளே விசாரிப்பார்கள். பதவியைப் பறிக்க நாடாளுமன்றம் வேண்டும். 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு மக்களவையில் ஆதரவு 196 ஓட்டு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் 205 பேர் ஓட்டே போடவில்லை. தேவையான ஆதரவு எட்டாமல் தீர்மானம் தோற்றது.

இந்தக் கேள்வியைக் கேட்ட நீங்கள் சட்டக் கல்லூரி மாணவர் போலிருக்கிறது. நான் கீழ்க்கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். 2004இல் பழைய ஸ்பிளெண்டர் பைக் ஒன்று வாங்கினேன். வாங்கியதை ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க நான்கு மாதம் தாமதமாகிவிட்டது. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ) மெமோ வந்தது. பணம் வந்த வழியைக் காட்டு என்றார்கள். மனைவியின் வளையல் அடகு ரசீதைக் கொடுத்தேன். முத்திரை மங்கலாக இருக்கிறதாம். மேலதிகாரி அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அந்த நாளில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சொத்து விவரத்தைத் தலைமை நீதிபதியிடம் கொடுத்தால் போதும், வெளியே தெரியாது. 2009இல்தான் விருப்பமிருந்தால் இணையத்தில் போடலாம் என்று ஆனது. 2025 மே மாதம் இணையத்தில் ஏற்றியபோதுகூட, தொடக்கத்தில் 33 பேரில் 21 பேருடையதுதான் இருந்தது.

உடனே கோர்ட் அவமதிப்பு என்று யாரும் கிளம்ப வேண்டாம். நீதிபதிகளைக் குறை சொல்லவில்லை. பொங்கலுக்கு வழக்கு நடத்தும் கட்சிக்காரர் ஒருவர் இறக்கிய கரும்புக் கட்டு ஒன்றை, அதே ஆட்டோவில் திருப்பி ஏற்றிவிட்ட முன்சீப்பிடம் (கீழ்க்கோர்ட் நீதிபதி) வேலை பார்த்தவன் நான். அவருக்கு எந்த 16 அம்சமும் தேவைப்படவில்லை. எல்லோரும் அவர் மாதிரி இருப்பார்கள் என்று நம்பியா விதி எழுதுவது?

கணக்குக் காட்டுவது எனக்கு இன்னும் முடியவில்லை. பென்ஷனுக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் கருவூலத்தில் போய் நிற்க வேண்டும். போன தடவை கைரேகை மெஷின் என் விரலை ஏற்கவே இல்லை. வழக்குக் கட்டுகளைக் கட்டிக் கட்டியே தேய்ந்த விரல். நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள்.